துருவும் ஒரு பூச்சுதான்: பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பற்றி வாசகர் கேள்விகள்

பழைய சுவர்க் கடிகாரங்களைத் துலக்குவது பற்றி முன்பொரு முறை இப்பகுதியில் எழுதியபோது, பித்தளையை மினுக்குவதற்கு முன் அதன் மேலிருக்கும் பழைய வார்னிஷ் பூச்சைக் கவனியுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பாட்டனார் காலத்து வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் அது பொருந்துமா என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பொருந்தும்; கடிகாரத்தைவிடக் கூடுதலாகவே பொருந்தும். எல்லாக் கடிதங்களும் ஆங்கிலேய வகை இரட்டைக்குழல் ஷாட்கன்களைப் பற்றியே இருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நீலகிரித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்த என் தாத்தாவுக்கு, தோட்டத் துரை ஊர் திரும்பும்போது கொடுத்துச் சென்ற பன்னிரண்டு போர் (bore, குழலின் துளை அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது உரிமத்துடன் என்னிடம் இருக்கிறது. குழல்களின் மேல் ‘பி. ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்’ என்று பொறித்திருக்கிறது. குழல்கள் பழுப்பேறி, பூட்டுப் பகுதி சாம்பல் நிறமாகிவிட்டது. தெரிந்த பட்டறைக்காரர் பஃபிங் போட்டு நிக்கல் முலாம் பூசித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? புதிதில் இது எப்படி இருந்திருக்கும்?
— வாசகர், குன்னூர்

பதில்: செய்ய வேண்டாம். அந்தப் பட்டறைக்கு மறுபடி போகும்போது துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பி. ஆர் அண்ட் சன்ஸ் மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் வெள்ளிச் சாமானுக்கும் பெயர் பெற்ற கடை. அவர்கள் துப்பாக்கியும் விற்றார்கள். அக்காலத்தில் பர்மிங்ஹாமின் துப்பாக்கிப் பட்டறைகள், விற்பவரின் பெயரைப் பொறித்தே சரக்கை அனுப்பிவைப்பது வழக்கம். ஆகவே மேலே இருக்கும் மதராஸ் பெயரைக் கொண்டு அது மதராஸில் செய்யப்பட்டது என்று முடிவு கட்ட முடியாது. குழல்களைக் கழற்றித் திருப்பி, பின்முனையை ஒட்டி அடியில் இருக்கும் தட்டையான பரப்பைப் பாருங்கள். குழல் வெடிக்காமல் தாங்குமா என்று அதிக மருந்திட்டுச் சுட்டுப் பார்க்கும் சோதனைச்சாலையின் முத்திரைகள் அங்கே இருக்கும். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இலண்டனில் அந்த வேலையைச் செய்த கன்மேக்கர்ஸ் கம்பெனி 1637-லேயே அரச சாசனம் பெற்றது. கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் தென்பட்டால், அது 1904-க்கும் 1954-க்கும் இடையே பர்மிங்ஹாமில் சோதிக்கப்பட்டது என்று கொள்ளலாம். இந்த முத்திரைகளே உங்கள் துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ். பஃபிங் சக்கரம் முதலில் தின்பதும் இவற்றைத்தான். துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ வேறு அடையாளக் குறியையோ அழிப்பதும் மாற்றுவதும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதைப் பட்டறைக்காரரும் தெரிந்துகொள்வது நல்லது.

இனி, புதிதில் எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி. இத்தகைய துப்பாக்கியில் ஒரே பூச்சு இருந்ததில்லை. பகுதிக்கொரு பூச்சு இருந்தது. குழல்கள் ஆழ்ந்த கறுப்பு. குழல்கள் மடங்கிப் பூட்டிக்கொள்ளும் எஃகு உடலாகிய ஆக்‌ஷனில், நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளும் மேகம் போலக் கலந்து கிடக்கும் வண்ணம். விசைக்காப்பு வளையம் கருநீலம். சிறு திருகுகளும் ஊசிகளும் மயிற்கழுத்து நீலம். மரத்தில் எண்ணெய் மெருகு. கண்ணாடிப் பளபளப்பு அன்று. இவற்றில் எது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை, கையும் வெயிலும் படாத இடங்களில்தான் பார்க்க வேண்டும். முன்கட்டையைக் கழற்றினால் அதன் கீழே குழலின் பழைய கறுப்பு தெரியும். மேல் நெம்புகோலைத் திறந்து பிடித்தால் அதன் அடியிலும், ஆக்‌ஷனின் மேற்பரப்பில் குழல்கள் வந்து அமரும் இடத்திலும் வண்ணத்தின் மிச்சம் இருக்கக்கூடும். மெல்லிய எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் மட்டும் துடைத்து, பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நம் வீடுகளில் இருக்கும் துப்பாக்கிகளில் அழுக்கு என்று எண்ணப்படுவதில் பாதி, கெட்டியாகிப்போன பழைய எண்ணெய்; அதன் கீழே பூச்சு உயிரோடு இருக்கும். அப்படி இருந்தால், பத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருந்தாலும் அதைக் காப்பதுதான் என் கட்சி. புதுப்பூச்சு எப்போது வேண்டுமானாலும் பூசலாம். பழையதை மீண்டும் வாங்க முடியாது.

நிக்கல் முலாம் பற்றி ஒரு சொல். அது துருவைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் முலாம் பிடிக்க வேண்டுமானால் முதலில் உலோகத்தைத் தேய்த்து வெறுமையாக்க வேண்டும். செதுக்குக் கோடுகளின் கூர்மை அப்போதே போய்விடும். முலாம் அந்த மழுங்கலை நிரந்தரமாக்கும்.

கேள்வி: என் தந்தையாரின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குக் குழல் நீலமேற்றி வாங்கினேன். முதல் ஆறு மாதம் அழகாக இருந்தது. இப்போது இரு குழல்களுக்கும் நடுவில் உள்ள பட்டியின் ஓரத்தில் வெள்ளைப் பொடி கசிகிறது. தட்டினால் ஓசையும் மாறியிருக்கிறது. என்ன ஆயிற்று?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: தங்கள் குழல்களைக் காரக் குளியலில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தவறு நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. துப்பாக்கி செய்யும் நாடுகளிலும் எத்தனையோ நல்ல குழல்கள் இப்படிக் கெட்டிருக்கின்றன. ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் இரு குழல்களும், அவற்றுக்கு மேலும் கீழும் ஓடும் பட்டிகளும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. இன்றைய தொழிற்சாலைகளில் ரைஃபிள்களுக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளுக்கும் நிறமேற்றும் வழி, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்த நீரை 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கவிட்டு அதில் உறுப்புகளை மூழ்கவைப்பது. சில நிமிடங்களில் கறுத்துவிடும், மலிவு, உழைப்பும் குறைவு. ஈயப்பற்று உருகத் தொடங்குவதற்கு 183 டிகிரியாவது வேண்டும் என்பதால், இந்தச் சூட்டில் என்ன கெட்டுவிடப்போகிறது என்று பட்டறைக்காரர் எண்ணியிருப்பார். கெடுப்பது சூடன்று, காரம். சூடான காஸ்டிக் சோடா ஈயப்பற்றையே அரிக்கும். அதற்கும் மேலாக, பட்டியின் கீழே இருக்கும் மயிரிழை இடைவெளிகளுக்குள் உப்புநீர் புகுந்துவிட்டால், வெளியே எத்தனை முறை அலசினாலும் அது வெளியேறாது. நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே கிடந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழலைத் துருவாக்கும். தாங்கள் காணும் வெள்ளைப் பொடி அந்த உப்புதான். நன்றாக ஒட்டியிருக்கும் குழல்களை நூலில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் கோயில் மணி போல நீண்டு ஒலிக்கும். பட்டி விட்டுப்போயிருந்தால் உடைந்த சட்டி போல ஒலிக்கும். ஓசை மாறியிருப்பதாகத் தாங்களே எழுதியிருப்பதால், இனி அந்தத் துப்பாக்கியைச் சுட வேண்டாம். பட்டிகளைக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, மறுபடி ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும். அது பெரிய வேலை, செலவும் பெரிது.

அப்படியானால் ஆங்கிலேயப் பட்டறைகள் இதை எப்படிக் கறுப்பாக்கின? துருப்பிடிக்கவிட்டுத்தான். துருவை எதிரியாகவே நினைத்துப் பழகியவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். குழலின் இரு முனைகளிலும் மரக்கட்டையால் இறுக அடைத்து, அந்தக் கட்டைகளையே கைப்பிடியாகக் கொண்டு, உலோகத்தில் விரல் படாமல் வேலை நடக்கும். முதலில் சுண்ணக்குழம்பால் எண்ணெய்ப் பசையை அறவே போக்குவார்கள். ஒரு விரல் ரேகை இருந்தாலும் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. பின், அமிலத்தில் இரும்பைக் கரைத்துச் செய்த கரைசலை மிக மெல்லியதாகத் தடவி, ஈரமான அலமாரிக்குள் சில மணி நேரம் தொங்கவிடுவார்கள். செந்நிறத் துரு வெல்வெட் போலப் படர்ந்ததும், குழலைத் தூய நீரில் கொதிக்கவைப்பார்கள். அந்தக் கொதியில் செந்துரு, இரும்பின் கறுப்பு ஆக்சைடாகிய மாக்னடைட்டாக மாறும். அதன் மேல் தளர்வாக நிற்கும் தூளை நுண்ணிய கம்பித் தூரிகையால் துடைத்தெடுத்தால், அடியில் சாம்பல் கலந்த ஒரு கறுப்புச் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கும். இதையே ஆறு, எட்டு, சில வேளை பத்து முறை செய்தால்தான், இலண்டன் குழல்களில் காணும் ஆழமான கறுப்பு வரும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் வேலை. கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, காரமும் இல்லை, ஈயப்பற்றுக்கு ஒரு கேடும் வராது. சென்னையின் ஐப்பசி மாதத்தில் இந்த வேலைக்கு ஈர அலமாரியே தேவைப்படாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எந்த முறையானாலும், நிறமேற்றுவதற்கு முன் பழைய குழிகளை நீக்கக் குழலை அரத்தால் இழைப்பது வழக்கம். அங்கேதான் நின்று கேட்க வேண்டும். ஆங்கிலேயத் தொழிலாளர்கள் பன்னிரண்டு போர் குழலின் சுவருக்கு, அதன் மெல்லிய இடத்தில், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கை, அதாவது சுமார் அரை மில்லிமீட்டரை, எல்லையாகக் கருதுகிறார்கள். நூறாண்டுகளில் ஏற்கனவே நாலைந்து பேர் இழைத்திருக்கக்கூடிய குழலில், அளந்து பார்க்காமல் அரம் வைப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது. குழி இருந்தால் இருக்கட்டும். குழியின் மேலும் கறுப்பு பிடிக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டுத் துப்பாக்கியின் குழலில் மரத்தின் ரேகை போலச் சுருள் சுருளாக ஏதோ மங்கலாகத் தெரிகிறது. இது டமாஸ்கஸ் என்கிறார்கள். அதை வெளிக்கொண்டுவர முடியுமா? இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடலாமா?
— வாசகர், சிவகங்கை

பதில்: இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுக்கி, முறுக்கி, நாடாவாக அடித்து, அந்த நாடாவை ஒரு தண்டின் மேல் சுற்றிப் பற்றவைத்துச் செய்த குழல் அது. பெல்ஜியத்தின் லியேஜ் வட்டாரம் இதில் கைதேர்ந்தது. ஆங்கிலேயப் பட்டறைகள்கூட அங்கிருந்து குழல்களை வரவழைத்தன. இரும்பும் எஃகும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை என்பதால், மேலே சொன்ன துரு முறையை மெதுவாகச் செய்தால், ஒன்று கருமையாகவும் மற்றது வெளிறியும் நின்று சுருள்கள் தாமே எழுந்து வரும். காரக் குளியலில் போட்டால் இரண்டும் ஒருசேரக் கறுத்துச் சித்திரம் மறையும். இங்கே ஓர் எச்சரிக்கை: சாதாரண எஃகுக் குழலின் மேல் இந்தச் சுருள்களை அச்சிட்டு விற்றதும் உண்டு. முன்கட்டையின் கீழே சித்திரம் தொடர்கிறதா என்று பாருங்கள். அச்சிட்டது என்றால் தேய்த்த அளவில் அது போய்விடும், திரும்பி வராது.

சுடுவதைப் பற்றி: சித்திரத்தைக் கொண்டு வலிமையை மதிப்பிட முடியாது. பெரும்பாலான டமாஸ்கஸ் குழல்கள் கரிமருந்துக் காலத்தவை. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்ட முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. முத்திரை இருந்தாலும், பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளின் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குல நீளமே; இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே முக்கால். நீளமான தோட்டா உள்ளே போகும், பூட்டும் மூடிக்கொள்ளும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை.

கேள்வி: ஆக்‌ஷனின் வண்ணங்கள் முழுவதும் போய் வெள்ளியாக இருக்கிறது. காஸ் விளக்கின் சுவாலையால் சூடுகாட்டி அதே வண்ணங்களைக் கொண்டுவந்து தருவதாக ஒருவர் காணொளியில் காட்டுகிறார். நம்பலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வண்ணம் வரும், அதே வண்ணம் வராது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய, அந்த வண்ணம் முதலில் எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும்.

அது அழகுக்காக வந்ததே அன்று. செதுக்குவதற்கு எளிதாக ஆக்‌ஷனை மென்மையான, கரிச்சத்துக் குறைந்த எஃகில் செய்தார்கள். ஆனால் அந்த எஃகு உராய்வுக்குத் தாங்காது. எனவே வேலை எல்லாம் முடிந்த பின், உறுப்புகளை எலும்புக்கரியும் மரக்கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் புதைத்து, 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்தார்கள். எஃகின் மேல்தோல் மட்டும் கரியை உண்டு, குளிர்ந்த நீரில் கொட்டியதும் கண்ணாடி போலக் கடினமாகும். உள்ளே மென்மையும் இழுவைத் தன்மையும் அப்படியே இருக்கும். நீரில் விழும் கணத்தில், கரியும் காற்றுக் குமிழியும் பட்ட இடத்துக்கேற்ப மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடுப் படலங்கள் உண்டாகின்றன. நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளியில் வானவில் தோன்றுவது போல, அந்தப் படலத்தின் தடிப்பைப் பொறுத்து ஒளி நிறம் மாறித் தெரிகிறது. வேலையாட்களின் கைச்சரக்கு, கரியை எப்படி அடுக்குவது, நீரில் எப்படிக் காற்றை விடுவது என்பதில் இருந்தது. அதனால் ஒவ்வொரு பட்டறையின் வண்ணமும் பழகிய கண்ணுக்குத் தனித்துத் தெரியும். இந்தப் படலம் கைபட்டால் தேயும். அதனால்தான் அதன் மேல் தெளிந்த வார்னிஷ் பூசி அனுப்பினார்கள். மஞ்சளடித்த அந்த வார்னிஷைத் தின்னர் போட்டு வழித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். கீழே வண்ணம் இருந்ததற்கு இருந்த ஒரே காவலையும் நீக்கிவிட்டோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

சுவாலைக்கு வருகிறேன். எஃகைச் சூடாக்கினால் 220, 230 டிகிரியில் வைக்கோல் மஞ்சளும், 300 டிகிரியை ஒட்டி நீலமும் தோன்றும். அதைக் கொண்டு சுவாலையால் கோலம் போடலாம். ஆனால் கடினமாக்கிய தோலை மறுபடி சூடுகாட்டினால் அதன் கடினம் குறையும். அதாவது வண்ணம் எதன் அடையாளமாக நின்றதோ அதையே கெடுத்து, அடையாளத்தை மட்டும் எழுதிவைக்கிறீர்கள். தாழின் பிடிமானங்களும் கீல் முனையும் இருக்கும் உறுப்பில் இதைச் செய்வது பொறுப்பற்ற வேலை.

முறைப்படி எலும்புக்கரியில் மறுபடி சுட்டெடுக்கும் வல்லுநர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அதிலும் துணிச்சல் வேண்டும். நீரில் கொட்டும்போது ஆக்‌ஷன் மயிரிழை வளைந்தாலும், முன்பு காகிதம் நுழையாமல் பூட்டிய குழல்கள் பிறகு ஆட்டம் காணும். அதனால் இரும்புக் கட்டைகளைத் திருகி வடிவம் மாறாமல் பிடித்தே சுடுவார்கள். தேய்ந்து வெள்ளியான ஆக்‌ஷனில் தோலின் கடினம் இன்னும் அப்படியே இருக்கிறது, போனது வண்ணம் மட்டுமே என்பதால், பயன்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் கேட்டால், நேர்மையாகத் தேய்ந்த வெள்ளி, பொய்யான மயில் நிறத்தைவிட அழகு. செதுக்கு வேலையின் நுட்பம் அந்த வெள்ளியில்தான் நன்றாகத் தெரிகிறது.

திருகுகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அவற்றின் நீலம் வெறும் சூட்டினால் வந்ததே. உருகிய வெடியுப்பில் சிறு உறுப்புகளை மூழ்கவைத்து அதை மீட்பது பழைய முறை. வெடியுப்பு 334 டிகிரியில் உருகும். அதில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் தெறிக்கும் என்பதால், வீட்டில் செய்து பார்க்கும் வேலையன்று.

கேள்வி: பின்கட்டை கறுத்து, பிசுபிசுத்து, ஆக்‌ஷனை ஒட்டிய இடத்தில் தார் போல இருக்கிறது. இரண்டு பள்ளங்களும் உண்டு. உப்புத்தாள் போட்டு இழைத்து வார்னிஷ் அடிக்கலாம் என்று இருக்கிறேன். அப்பா ஆண்டுதோறும் தேங்காய் எண்ணெய் தடவுவார்.
— வாசகர், ஏற்காடு

பதில்: தங்கள் தந்தையார் அக்கறையோடு செய்த காரியம்தான் இன்றைய பிசுபிசுப்புக்குக் காரணம் என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் உலராது. மரத்துக்குள் இறங்கி, அங்கேயே தூசியையும் அழுக்கையும் பிடித்துவைத்துக்கொண்டு காறிப்போகும். ஆளிவிதை எண்ணெய் வேறு இனம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்லிய பிசின் படலமாக இறுகும். ஆங்கிலேயர்கள் அக்ரூட் எனப்படும் வால்நட் மரத்துக்கு அதையே தேர்ந்தார்கள். அல்கானெட் என்னும் செடியின் வேரை எண்ணெயில் ஊறவைத்தால் செந்நிறம் ஏறும். அந்தச் செவ்வெண்ணெயை முதலில் தடவி, பிறகு வாரக்கணக்கில் உள்ளங்கையால் துளித்துளியாகத் தேய்த்து ஏற்றியதே, பழைய துப்பாக்கிகளில் காணும் அந்த உட்செம்மைக்குக் காரணம். ரோகன் ஜோஷ் குழம்புக்கு நிறம் தரும் ரத்தன்ஜோத் இதே குடும்பத்து வேர் என்று சொன்னால் சமையலில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு விளங்கும்.

உப்புத்தாளைத் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறேன். புதிதில் மரம், அதை ஒட்டிய உலோகத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்தே நிற்கும்படி செதுக்கப்பட்டிருக்கும். பின்னால் யார் எத்தனை முறை மெருகேற்றினாலும் அந்த உயரம் தாங்கட்டும் என்பது பட்டறையின் முன்யோசனை. ஒரே ஒரு முறை உப்புத்தாள் போட்டவுடன் மரம் தாழ்ந்து, உலோக விளிம்பு கத்தி போல வெளியே நிற்கும். விற்பனைக்கு வரும் பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்ததும், அறிந்தவர்கள் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அந்த விளிம்பைத்தான்.

செய்ய வேண்டியது இது. முதலில், மேலிருப்பது எண்ணெயா அரக்கா என்று பாருங்கள். மறைவான ஓர் இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தால், அரக்குப் பூச்சு இளகி ஒட்டும். உலர்ந்த எண்ணெய் அசையாது. தார் போன்ற இடத்துக்கு, உலோகத்திலிருந்து மரத்தைக் கழற்றிய பிறகு, நுண்ணிய சுண்ணாம்புக்கல் மாவை அசிட்டோனில் குழைத்து அப்பி உலரவிட வேண்டும். உள்ளே இறங்கிய எண்ணெயை அந்த மாவு உறிஞ்சி மேலே கொண்டுவந்து பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும்; ஐந்தாறு முறை ஆகலாம். நெருப்பும் விளக்கும் அருகில் இல்லாத, காற்றோட்டமான இடம் தேவை. கழற்றுவதையும் பூட்டுவதையும், பழுதுபார்க்கும் உரிமம் பெற்றவரிடமே விடுங்கள். ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு பழுதுபார்ப்புக்கும் உரிமம் கேட்கிறது. அதோடு, பொருத்தமில்லாத திருப்புளியால் சிதைந்த திருகுத் தலைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பள்ளங்கள் இரண்டு வகை. மரநார் அறுந்து போயிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நசுங்கியது மட்டும்தான் என்றால், ஈரத் துணியை அதன் மேல் வைத்துச் சூடான இரும்பின் முனையால் தொட்டால், நீராவி புகுந்து நார் உப்பிப் பள்ளம் தானே எழும். அழகுக்கும் பிடிமானத்துக்கும் வெட்டிய செக்கரிங் கட்டங்களை, மெல்லிய பல் தூரிகையால் சுத்தம் செய்தால் போதும். அந்தக் கட்டங்களுக்குள் வார்னிஷ் நிரம்பியதுபோல அலங்கோலம் வேறில்லை. பிறகு ஆளிவிதை எண்ணெய், ஒரு நாளுக்கு இரண்டு மூன்று துளிக்கு மேல் வேண்டாம். கனமாகத் தடவினால் உலராமல் பிசுபிசுத்து, தந்தையாரின் தேங்காய் எண்ணெய்க்கே திரும்பிய கதையாகும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது வெளிப்படும் சூட்டில் அது தானாகவே தீப்பற்றும். நீரில் நனைத்தோ விரித்துப் போட்டோ வையுங்கள்.

கேள்வி: கனடாவில் ஒரு பழைய துப்பாக்கி வாங்கினேன். மேலும் கீழுமாகக் குழல் அமைந்தது. 1960-களின் இறுதியில் பெல்ஜியத்தில் செய்தது. மரம் மிக அழகாக இருக்கிறது. ஆனால் கட்டையைக் கழற்றியபோது, மரம் தொட்ட உலோகம் முழுவதும் துருப்பிடித்துக் குழிவிழுந்திருந்தது. எண்ணெய் போட்டாலும் திரும்ப வருகிறது.
— வாசகர், டொராண்டோ

பதில்: அந்த ஆண்டுகளில் வால்நட் கட்டைகளை விரைவாக உலர்த்துவதற்காக உப்பில் இட்டுப் பதப்படுத்திய காலம் ஒன்று இருந்தது. அந்த மரம் இன்றும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புநீராக உலோகத்தின் மேல் விடுகிறது. பூச்சு எதுவும் அதைத் தடுக்காது, கழுவியும் தீராது. மெருகில்லாத உட்பகுதியில் சிறிது சுரண்டி, நீர்த்த வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு துளி விட்டுப் பாருங்கள். வெண்மையாகத் திரிந்தால் உப்பு இருக்கிறது என்று பொருள். அப்படியானால் கட்டையை மாற்றுவதே வழி. உலோகத்தை அதற்குப் பிறகு சரிசெய்யலாம். அதற்கு முன் செய்தால் வீண்.

கேள்வி: துப்பாக்கியை உறையில் போட்டு, எண்ணெய் நிறைய விட்டு, பரண்மேல் வைத்திருக்கிறேன். போதுமா?
— வாசகர், சென்னை

பதில்: மூன்றுமே தவறு. தோலும் கான்வாசும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உறை பயணத்துக்கு மட்டுமே. எண்ணெய் அதிகமானால் அது குழலிலிருந்து ஆக்‌ஷனுக்கும், ஆக்‌ஷனிலிருந்து மரத்துக்கும் இறங்கி, ஏற்காடு வாசகரின் தார் நிலைக்கே கொண்டுசெல்லும். பரணில் கோடையின் சூட்டில் மரம் சுருங்கி வெடிக்கும். பூட்டிய அலமாரியில், துணி விரித்த தரையில், குழலின் வாய் கீழே இருக்கும்படி நிறுத்திவையுங்கள். அப்போது கசியும் எண்ணெய் மரத்தை விட்டு விலகிப் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, மாதம் ஒருமுறை வாணலியில் சூடாக்கி உலர்த்திக்கொள்ளுங்கள். உலோகத்தின் வெளிப்பரப்புக்கு, பிரிட்டிஷ் மியூசியத்தின் பராமரிப்பாளர்கள் உருவாக்கிய ரினைசன்ஸ் மெழுகை மெல்லியதாகத் தடவித் துடைப்பது எண்ணெயைவிட நல்லது; விரல்படும்போது வியர்வையின் உப்பு உலோகத்தைத் தொடாது. பார்க்க வருபவர் கையில் கொடுத்து வாங்கினால், உள்ளே வைப்பதற்கு முன் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.